கைப்பேசி ஊமையாகும் நேரத்தில் யார் பேசுவது? பனிப் பந்தய வானொலித் தொண்டர்களும் நமது உலு லங்காட்டும்

செராஸ் - 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முதல் நாள் பிடித்த மழை விடவே இல்லை. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் சித்தியை அம்மா மாலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியாகப் பேசியபோது தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, பிள்ளைகளோடு மாடிக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார் சித்தி. அதன் பிறகு அவருடைய எண்ணுக்கு அழைப்புப் போகவே இல்லை.

மின்சாரம் இல்லை, மின்னூட்ட வழியில்லை, அலைவரிசையும் இல்லை. ஒரு நாளுக்கும் மேலாக அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே எங்களுக்குத் தெரியாது. பின்னர் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் படகில் பத்திரமாக வெளியே வந்தார்கள். அந்த ஒரு நாளில் எங்களை வாட்டியது வெள்ளத்தை விட அந்த மௌனம்தான்.

அதே வார இறுதியில் செராசுக்குப் பின்புறம், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உலு லங்காட்டிலும் இதே கதை. சுங்கை லங்காட் பெருகி, மண் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டன. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது.

படகு ஏன் தாமதமானது, அணைக்கட்டு என்ன ஆனது, அரசு எங்கே போனது என்று அப்போது நிறையப் பேசினோம். பேசாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கைப்பேசிக் கோபுரம் விழுந்த பிறகு, ஒரு குடியிருப்பின் நிலவரத்தை வெளியே சொல்ல நம்மிடம் வேறு என்ன வழி இருந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது, நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஓர் இடத்தில் போய் நின்றேன். அது அமெரிக்காவின் பனிக் காடுகளில் நடக்கும் குளிர்காலப் பந்தயங்கள்.

பனிக் காட்டில் ஒரு பெரட்டு

நமக்குப் பனி விளையாட்டு தொலைக்காட்சியோடு சரி. மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்ததே 2018இல், தென் கொரியாவின் பியோங்சாங்கில்தான். அதுவும் இரண்டே விளையாட்டாளர்களோடு.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியை ஒட்டி, ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டி நெடும்பந்தயம் நடக்கிறது. நாய்கள் இழுக்கும் பனிவண்டிகள், சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிய காட்டு வழியில் ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடும். இரவு பகல் பாராத ஓட்டம். பந்தயத்துக்கு வைத்திருக்கும் பெயரே ஒரு தகவல் தொடர்பாளரின் பெயர்தான். சாலை இல்லாத காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தக் கரை நெடுகிலும் நாய்வண்டியிலும் படகிலும் கடிதம் சுமந்த அனிஷினாபே பழங்குடி மனிதர் ஜான் பியர்கிரீஸ்.

அந்தக் காட்டின் பல பகுதிகளில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது. அங்கேதான் அமெச்சூர் வானொலித் தொண்டர்கள் வருகிறார்கள். உலகம் முழுவதும் இவர்களை 'ஹாம்' என்றே அழைப்பார்கள். சாலையைப் பாதை கடக்கும் இடங்களிலும் சோதனை நிலையங்களிலும் ஆளுக்கொரு வானொலிப் பெட்டியோடு இருக்கிறார்கள். ஒரு வண்டி வந்தால் அதன் எண், வந்த நேரம், கிளம்பிய நேரம், இறக்கிவிடப்பட்ட நாய்கள் எத்தனை என்பது கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போய்விடும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 1973 முதல் நடக்கும் 'பிர்க்கி' நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியிலும் இப்படித்தான். பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் கேபிள் என்ற ஊரிலிருந்து ஹேவர்ட் நோக்கிச் சறுக்கிச் செல்லும்போது, இடைவழி நிலையங்களிலிருந்து வானொலித் தொண்டர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, என் தாத்தா சொன்ன பெரட்டுக் களம். விடிவதற்கு முன் தோட்டத்தில் எல்லாரையும் நிற்க வைத்து மண்டோர் பெயர் வாசிப்பார். கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். இன்று யார் எந்த நிரையில், யார் வரவில்லை என்பது அந்த ஏட்டில் இருக்கும். பனிப் பந்தயத்தில் வானொலிக்காரர் செய்வதும் இதைத்தான். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை, நடுவில் எங்கோ நிற்பவர் யார் என்ற கணக்கு.

பாதுகாப்பு என்றவுடன் நமக்கு ஹெலிகாப்டரும் கயிற்றில் தொங்கும் வீரரும் கண்முன் வருவார்கள். உண்மையில் ஒரு மீட்புப் பணியின் பாதி வேலை இந்தக் கணக்கில் இருக்கிறது. ஐந்தாம் நிலையத்தைக் கடந்த ஒருவர் ஆறாம் நிலையத்துக்கு இரண்டு மணி நேரமாக வரவில்லை என்று தெரிந்தால், தேட வேண்டியது அந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே மட்டும். அது தெரியாவிட்டால் முழுக் காட்டையும் தேட வேண்டும். உறையும் குளிரில் அந்த வித்தியாசம் ஓர் உயிர்.

இதை நமக்கு வலிக்க வலிக்கக் கற்றுத்தந்த சம்பவம் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். மண்ணுக்கடியில் எத்தனை பேர் என்பதற்கான எண்ணிக்கை, சம்பவத்துக்குப் பிந்திய அறிவிப்புகளில் மாறிக்கொண்டே இருந்தது. யார் உள்ளே இருந்தார்கள் என்ற பட்டியலே மீட்பாளர்களின் முதல் கருவி.

ஏன் கைப்பேசி போதாது?

கைப்பேசி என்பது தனியாக இயங்கும் சாதனம் அல்ல. நம் கையில் இருப்பது ஒரு முனை. மறுமுனையில் கோபுரம், அதற்கு மின்சாரம், அதைத் தலைமை நிலையத்தோடு இணைக்கும் கம்பிவடம் எல்லாம் வேலை செய்தாக வேண்டும். மின்சாரம் போனால் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். வெள்ளம் அந்த மின்கலத்தையே மூழ்கடித்தால் அதுவும் இல்லை.

கோபுரம் நன்றாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இடம் கொடுக்க முடியும். தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நின்று கூட வந்த தம்பியை அழைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புலனத்தில் அனுப்பிய செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு போய்ச் சேரும்.

வானொலியில் கதை வேறு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அலை நேராகப் போகிறது. நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. ஒருவர் பேசினால் அதே அலைவரிசையில் உள்ள அத்தனை பேரும் கேட்கிறார்கள். கைப்பேசியில் பத்துப் பேருக்குப் பத்து அழைப்பு போக வேண்டிய செய்தி, இங்கே ஒரே தடவையில் முடிகிறது.

அதற்காக வானொலி மந்திரக்கோல் அல்ல. கையடக்கப் பெட்டியின் சக்தி பொதுவாக ஐந்து வாட் அளவுதான். கட்டடங்கள் நிறைந்த நகரில் சில கிலோமீட்டர்கள் போகும். மலை குறுக்கே நின்றால் அங்கேயே நின்றுவிடும். பனிப் பகுதியில் குளிரே மின்கலத்தின் சக்தியை உறிஞ்சிவிடும் என்பதால், தொண்டர்கள் மாற்று மின்கலத்தைச் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்திருப்பார்கள். நமக்குக் குளிர் இல்லை. ஆனால் மழை உண்டு, ஈரம் உண்டு.

மலை குறுக்கே நின்றால் என்ன செய்வது? மலை மேல் ஒருவரை நிறுத்துவார்கள். பள்ளத்தாக்கில் இருப்பவர் அவரிடம் சொல்வார், அவர் மறுபக்கம் இருப்பவரிடம் சொல்வார். ஆளுக்குப் பதில் ஒரு தானியங்கிக் கருவியை வைத்தால் அதற்கு 'ரிப்பீட்டர்' என்று பெயர்.

உலு லங்காட்டின் நில அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைச் சாலையில், இரவில் கோலாலம்பூர் விளக்குகளைப் பார்க்கக் கார்கள் நிற்கும் முகடு இருக்கிறது. ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் பள்ளத்தாக்கு. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் உரிமம் பெற்ற ஒருவர் பெட்டியோடு நின்றால், பள்ளத்தாக்கிலிருந்து வரும் சொல்லை நகரத்துக்குத் தாண்ட வைக்க வாய்ப்பு இருக்கிறது.

பந்தயப் பழக்கம் பேரிடரில் கைகொடுத்த கதை

'நாய்வண்டிப் பந்தயத்துக்கு வானொலி பேசுவதும் வெள்ளத்தில் உயிர் காப்பதும் ஒன்றா?' என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது என்பதே இந்த விஷயத்தின் சாரம்.

2013 ஏப்ரல் 15 அன்று போஸ்டன் மாரத்தானின் முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. மூவர் அங்கேயே மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். நகரமே ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தது, தொடர்புகள் திணறின. ஆனால் ஓட்டப் பாதை நெடுகிலும் மருத்துவக் கூடாரங்களில் வானொலித் தொண்டர்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மயங்கி விழுந்த ஓட்டக்காரருக்கு வண்டி கேட்பதற்காக வந்தவர்கள் அவர்கள். அன்று அந்த இணைப்பு வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. பேரிடர் நடந்த பிறகு அதை யாரும் உருவாக்கவில்லை. பந்தயத்துக்காக ஏற்படுத்தியது அங்கே இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. அந்தமான் தீவுகளின் போர்ட் பிளேரில் அப்போது டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு வானொலிக் குழு தங்கியிருந்தது. அவர்கள் பேரிடருக்காகப் போனவர்கள் அல்லர். அரிதான ஓர் இடத்திலிருந்து உலக ஹாம்களோடு பேச வேண்டும் என்ற பொழுதுபோக்குக்காகப் போனவர்கள். தொலைபேசி அறுந்தபோது அந்தப் பொழுதுபோக்குப் பெட்டியே தீவுகளின் குரலானது. யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அதன் வழியாக இந்தியப் பெருநிலத்துக்குப் போனது.

இலங்கையிலும் அதே நாட்களில் விக்டர் குணதிலக்க முதலான வானொலிக்காரர்கள், அலை சுருட்டிப் போட்ட அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை இணைப்பை ஏற்படுத்தினார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் தமிழ்நாட்டு ஹாம்கள் களத்தில் இருந்தார்கள்.

இந்த அனுபவங்கள் சட்டத்திலும் இடம்பெற்றன. ஐக்கிய நாடுகளின் கீழ் இயங்கும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம், பேரிடர்க் காலத்துக்கு அமெச்சூர் நிலையங்களைத் தயார்ப்படுத்த நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்ற ஊக்குவிப்பைத் தன் வானொலி விதிகளில் 2003 மாநாட்டில் சேர்த்தது. ஆழிப்பேரலைக்கு ஓராண்டு முன்பே நடந்த மாநாடு அது.

கங்காசாகரும் பத்துமலையும்

பனியை விட்டுவிட்டு நம் ஊர்க் கூட்டத்துக்கு வருவோம். கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில், ஜனவரி நடுவில், நமக்குத் தைப்பொங்கல் வரும் அதே நேரத்தில், கங்காசாகர் மேளா நடக்கிறது. இலட்சக்கணக்கான மக்கள் படகேறி வருகிறார்கள். பலர் வேற்று மொழி பேசும் முதியவர்கள். கூட்டத்தில் கை விட்டுப்போனால் திரும்ப வழி தெரியாது.

மேற்கு வங்க வானொலி மன்றத்தைச் சேர்ந்த ஹாம்கள் ஆண்டுதோறும் அங்கே முகாமிடுகிறார்கள். வழி தவறியவரின் ஊர்ப் பெயரோ, மகனின் பெயரோ, பேச்சில் ஒட்டியிருக்கும் வட்டார வழக்கோ, கிடைத்த துணுக்கை வைத்து மற்ற மாநில ஹாம்களைத் தொடர்புகொண்டு குடும்பத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கருவி ஒரு பங்கு, பொறுமை மூன்று பங்கு.

இங்கே நமக்குத் தைப்பூசம் இருக்கிறது. துன் எச்.எஸ். லீ சாலை ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் இரவில் புறப்பட்டு, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஊர்வலமாகப் பத்துமலை சேர்கிறது. பால்குடமும் காவடியும் ஏந்தியவர்கள் 272 படிகள் ஏறுகிறார்கள். காவல் துறை, தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை, செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், கோயில் தொண்டர்கள் என்று எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் குறை சொல்ல இங்கே ஒன்றுமில்லை.

ஆனால் ஒவ்வொரு தரப்பும் தன் சொந்தக் கருவியில் பேசுகிறது. அரசுத் துறைகளுக்கு 'ஜி.ஐ.ஆர்.என்' என்ற தனி வானொலிக் கட்டமைப்பு இருக்கிறது. கோயில் தொண்டர் கையில் கடையில் வாங்கிய வாக்கி டாக்கி. தண்ணீர்ப் பந்தல்காரர் கையில் கைப்பேசி. பந்தலருகே ஒரு பாட்டி மயங்கி விழுந்தால், பந்தல்காரரின் சொல் மருத்துவக் குழுவுக்கு எத்தனை கை மாறிப் போகிறது? அந்தக் கை மாற்றத்தில்தான் நிமிடங்கள் போகின்றன. பனிப் பந்தயங்களில் வானொலித் தொண்டர்கள் நிரப்புவது இந்த இடைவெளியைத்தான்.

நம் நாட்டில் நிலைமை என்ன?

அமெச்சூர் வானொலி மலேசியாவுக்குப் புதிதல்ல. எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்கு உரிமமும் அழைப்புக் குறியும் கிடைக்கின்றன. தீபகற்பத்தில் '9 எம் 2', '9 டபள்யூ 2' என்று தொடங்கும் குறிகள் இவர்களுடையவை. அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் நாட்டின் உறுப்புச் சங்கமாக 'மார்ட்ஸ்' இருக்கிறது. 2007இல் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் விண்வெளி வீரர் டத்தோ டாக்டர் ஷேக் முஸாபாருக்கும் இதில் உரிமம் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இணையக் கடையில் நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. 477 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறிப்பிட்ட அலைவரிசைகளில் இயங்கும் குறைந்த சக்திப் பெட்டிகளை, விதிமுறைக்கு உட்பட்டு, தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். கோயில் வளாகத்துக்குள் தொண்டர்கள் பேச அதுவே போதும். அமெச்சூர் அலைவரிசையில் பேச உரிமம் கட்டாயம். 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டப்படி உரிமமின்றி அந்த அலையில் பேசுவது குற்றம். தெரியாமல் போய் அவசர சேவையின் அலைவரிசையில் குறுக்கிட்டால், உதவப் போனவரே உபத்திரவம் ஆகிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. அமெச்சூர் வானொலி என்ற பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது: கூலிக்கோ வியாபாரத்துக்கோ அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே இது தொண்டாக மட்டுமே நிலைக்க முடியும். நம் சமுதாயத்தில் தொண்டுக்கு ஆள் பஞ்சம் இருந்ததில்லை. 2021 வெள்ளத்தில் சமையல் செய்தவர்கள், சேறு அள்ளியவர்கள், படகு ஓட்டியவர்கள் எத்தனை பேர்! அந்தக் கைகளில் வானொலிப் பெட்டி எத்தனை இருந்தது என்பதே கேள்வி.

சில மாதங்களுக்கு முன் செராஸ் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது இந்த உரிமத் தேர்வைப் பற்றிக் கேட்டேன். அங்கிருந்த பதினைந்து பேரில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன்; இந்தத் தேடலுக்கு முன்பு எனக்கும் தெரியாது. நம் பத்திரிகைகளும் அதை எழுதியதில்லை.

எதிர்க்கேள்விகள்

இதற்கு நியாயமான மறுப்புகள் இருக்கின்றன. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

முதல் மறுப்பு: செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே? உண்மைதான். 2023 ஜூலை முதல் ஸ்டார்லிங்க் நம் நாட்டில் கிடைக்கிறது. நிவாரண மையத்தில் ஒன்றை வைத்தால் பெரிய உதவி. ஆனால் அதற்கும் திறந்த வானமும் மின்சாரமும் மாதக் கட்டணமும் வேண்டும். ஒவ்வொரு மாடி வீட்டிலும், ஒவ்வொரு மலையேற்றப் பாதையிலும் அது இருக்காது. ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பதே இங்கே கணக்கு. ஒன்று மற்றொன்றுக்குப் போட்டி அல்ல.

இரண்டாவது மறுப்பு: தொண்டர்கள் கூடிக் கூடி மீட்புப் படைக்கு இடைஞ்சல் தர மாட்டார்களா? தருவார்கள், பயிற்சி இல்லாவிட்டால். அழைக்காமல் களத்துக்குப் போகும் வானொலிக்காரர் இன்னொரு வேடிக்கை பார்ப்பவர்தான். அதனால்தான் பந்தயங்களில் கடுமையான ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு நிலையம் கேட்காமல் யாரும் பேசுவதில்லை. செய்தி சுருக்கமாக, எழுதி வைத்துப் படிக்கப்படுகிறது. கேட்டவர் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்.

மூன்றாவது மறுப்பு எனக்கு முக்கியமாகப் பட்டது: அந்தரங்கம். அமெச்சூர் வானொலி திறந்த வெளி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்; மறைகுறியீடு போட்டு மறைக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. 'இன்னார் மகள் மயங்கிவிட்டாள்' என்று பெயர் சொல்லிப் பேசினால் அது ஊருக்கே அறிவித்தது போல. எனவே பந்தயங்களில் பெயருக்குப் பதில் சட்டையில் உள்ள எண்ணைச் சொல்கிறார்கள். நம் ஊர்வலங்களில் அப்படி எண் கிடையாது. கங்காசாகரில் உதவும் முறையும் பனிச்சறுக்கில் உதவும் முறையும் அப்படியே நமக்குப் பொருந்திவிடாது. நமக்கான முறையை நாம் யோசிக்க வேண்டும்.

நான்காவது மறுப்பு: ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே? வேண்டும். அது நின்றால், மலை முகட்டில் ஆள் நிற்கும் பழைய முறைக்குத்தான் போக வேண்டும். இதையும் முன்கூட்டியே பழகியிருந்தால்தான் முடியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய திட்டம், பெரிய மானியம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பனிப் பந்தயத் தொண்டர்கள் காட்டும் வழி எளிமையானது: சிறிய நிகழ்ச்சியில் பழகு, பெரிய நாளில் அது உதவும்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓரிரு இளைஞர்கள் உரிமம் எடுக்கட்டும். மணிமன்றங்களும் கோயில் இளைஞர் பகுதிகளும் இதற்கு ஒரு மாலை வகுப்பு நடத்தலாம். ஏற்கெனவே உரிமம் உள்ள மலாய், சீன நண்பர்கள் நம் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். இனம் பார்த்து அலை போவதில்லை. புதிதாகச் சேர்பவருக்குக் கற்றுக்கொடுப்பது ஹாம்களின் வழக்கம்.

பிறகு ஒரு சின்னப் பயிற்சி. செராசில் புக்கிட் அப்பேக்கில் வார இறுதியில் ஏறுகிறவர்கள் நிறைய. உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங் இருக்கிறது. ஒரு பள்ளியோ இயக்கமோ மலையேற்றம் ஏற்பாடு செய்யும்போது அடிவாரம், நடுவழி, உச்சி என மூன்று இடங்களில் உரிமம் பெற்ற மூவரை நிறுத்திப் பார்க்கலாம். ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று ஒரே ஒரு தாளில் கணக்கு. மலேசியாவில் பனி இல்லாவிட்டால் என்ன, மூடுபனியும் இருட்டும் வழி தவறுவதும் இங்கேயும் உண்டு.

அடுத்தது அனுமதியும் ஒருங்கிணைப்பும். மாவட்ட அலுவலகத்திடமும் பொதுத் தற்காப்புப் படையிடமும் முன்கூட்டியே பேசி, நெருக்கடி வந்தால் யாரிடம் செய்தியைத் தர வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். செய்தியை வாங்க ஆளில்லாத வானொலி, சுவரோடு பேசுவதற்குச் சமம்.

இன்னும் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதான சாலையிலிருந்து பல கிலோமீட்டர் செம்மண் பாதையில் உள்ளே இருக்கும் லயங்களில், நல்ல வெயில் நாளிலேயே கைப்பேசிக்கு ஒரு கோடு அலைவரிசை வந்தால் பெரிய விஷயம். குன்றின் மேல் ஏறி நின்று பேசும் பழக்கம் அங்கே இன்றும் உண்டு. நகரத்தில் வானொலி அவசரகால மாற்று வழி. தோட்டத்தில் அது அன்றாடத் தேவைக்கே அருகில் வருகிறது.

கடைசியாக, இதைச் செய்தால் அடுத்த வெள்ளத்தில் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. படகு வேண்டும், வடிகால் வேண்டும், எச்சரிக்கை நேரத்தோடு வர வேண்டும். அவற்றுக்கு அரசைக் கேள்வி கேட்பதை நிறுத்தவும் கூடாது. ஆனால் படகு எங்கே போக வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கான செலவு படகை விடக் குறைவு. தேவைப்படுவது சில மாதப் படிப்பும் சில வார இறுதிகளும்.

சித்தி இன்னமும் ஸ்ரீ மூடாவில்தான் இருக்கிறார். டிசம்பர் பிறந்தால் கைப்பேசி, டார்ச் லைட், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மாடியில் வைத்துவிடுகிறார். அந்தச் சாலையில் ஒரே ஒரு வீட்டில் வானொலிப் பெட்டியும் அதைப் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்திருந்தால், 'ஏழாம் எண் வீட்டில் நால்வர், மாடியில், நலம்' என்ற ஒரு வரி அன்று வெளியே வந்திருக்கும்.

இந்த ஆண்டு தேர்வுக்கு நான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். மின்சுற்று வரைபடங்கள் தமிழ் இலக்கணம் படித்த மூளைக்குச் சுலபமாக ஏறவில்லை. ஆனால் அம்மா அன்றிரவு கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும்போது, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.